இணை உலகத்தின் முப்பத்துநாலு பெட்டிகள்

லென்ஸ்காரர் அன்று காலை எடுத்த முடிவு சாதாரண முடிவு அல்ல. இந்த வருடத்துக்குள் சரித்திரத்தை எழுதி முடித்துவிடுவது என்று முடிவெடுத்தார். போன வருடமும் இதே முடிவைத்தான் எடுத்திருந்தார். அதற்கு முந்தைய வருடமும் அப்படியே. முடிவெடுப்பதில் அவருக்கு ஒன்பது வருட அனுபவம் இருந்தது. முடிப்பதில்தான் முன் அனுபவம் இல்லை.

எந்த நாட்டுச் சரித்திரம் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். எந்த உலகத்துச் சரித்திரம் என்று கேட்க வேண்டும். படக்கதைப் புத்தகங்களில் ஒரு உலகத்து சூப்பர் ஹீரோ இன்னொரு உலகத்துக்குத் தாவிப் போய், அங்கே இருக்கிற சூப்பர் ஹீரோவைச் சந்திப்பான் அல்லவா? அந்தச் சந்திப்புகள் எப்போது தொடங்கின, எப்படி வளர்ந்தன, எங்கே போய்ச் சிக்கலாயின என்பதுதான் சரித்திரம். தலைப்பு, ‘இணை உலகச் சந்திப்புகள்: தோற்றமும் வளர்ச்சியும்’. முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம் கையெழுத்துப் பிரதி. ஏழாவது அத்தியாயத்தில் வண்டி நின்றுபோயிருந்தது.

பிழைப்புக்கு அவர் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்தார். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து, பவருக்குத் தக்கபடி தேய்த்து, ஃபிரேமின் வடிவத்துக்கு விளிம்பை வெட்டி உட்கார வைப்பார். ஊரில் பாதிப் பேருக்கு எதிரே வருகிறவர் யாரென்று தெரிவது அவர் புண்ணியத்தில்தான்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் பக்கம் ஒரு பிரேக் இருக்கும், ஆசிரியை பக்கம் இன்னொரு பிரேக் இருக்கும். அதனால் மாணவர்கள் அவளை ‘பிரேக் அக்கா’ என்பார்கள். வீட்டிலும் அவள் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கிறது என்பது லென்ஸ்காரரின் நெடுநாள் சந்தேகம்.

சரித்திர முடிவு எடுத்த அதே காலை, அந்த பிரேக் அழுந்தியது.

“என்னங்க, ஒண்ணாம் தேதியிலேருந்து நடு ரூம் எனக்கு வேணும்.”

“எதுக்கு?”

“கிளாஸ் எடுக்க. வேலையை விட்டுட்டேன்ல.”

“வேலையை விட்டுட்டியா? எப்ப?”

“திங்கட்கிழமை. உங்ககிட்ட சொன்னேனே. ‘உம்’னீங்க.”

“எழுதிட்டிருந்திருப்பேன்.”

“எழுதிட்டிருந்தீங்க. அதனாலதான் சண்டையில்லாம முடிஞ்சுது.”

விஷயம் விளையாட்டல்ல. பதினாலு வருடம் இன்னொருவர் பள்ளியில், இன்னொருவர் காரில், இன்னொருவர் சொன்ன நேரத்துக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள். இப்போது சொந்தமாக ஒரு பயிற்சிக் கார் வாங்கிவிட்டாள். பதினோரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். சாலை விதி வகுப்பு நடத்த ஒரு பலகையும் எட்டு நாற்காலியும் போட இடம் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே இடம் நடு அறை. நடு அறையில் இருந்தவை, தரையிலிருந்து உத்தரம் வரை, முப்பத்துநாலு பெட்டிகள்.

“அதெல்லாம் ஆதாரம்மா” என்றார் லென்ஸ்காரர். “சரித்திரம் எழுதறவன் ஆதாரத்தைத் தூக்கிப் போட முடியுமா?”

“எழுதி முடிச்சுட்டா?”

“முடிச்சுட்டா பேச்சே வேற.”

“எப்ப முடியும்?”

“ஏழாவது அத்தியாயம் கொஞ்சம் சிக்கல்.”

“போன வருஷமும் ஏழுதான்.”

“போன வருஷம் அது ஆறோட பின்பகுதி.”

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சரி, சொல்லுங்க. என்னதான் சிக்கல்?”

ஒன்பது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டவள் நேரத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள் என்பதை அவர் கவனிக்கவில்லை.

“முதல்ல ஒரு இரும்புத் தும்பி இருந்தான். தொப்பி, கோட்டு, மீசை. ரொம்ப வருஷம் திருடங்களைப் பிடிச்சான். அப்புறம் விற்பனை படுத்துடுச்சு. நிறுத்திட்டாங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு அதே கம்பெனி, அதே பேர்ல, புதுசா ஒருத்தனை இறக்கிச்சு. மீசை கிடையாது. உடம்போட ஒட்டின நீல உடுப்பு.”

“கோட்டு என்னாச்சு?”

“அது முக்கியமில்ல. பழைய வாசகர்கள் கடிதம் போட்டாங்க. எங்க ஆளு எங்கேன்னு. ஆசிரியர் யோசிச்சாரு. அவனும் இருக்கான், ஆனா வேற உலகத்துல இருக்கான்னுட்டாரு. நம்ம உலகத்துக்குப் பக்கத்துலயே இன்னொரு உலகம். இணையா.”

“பேரலல்.”

“அதேதான்! உனக்கு எப்படித் தெரியும்?”

“தினம் பேரலல் பார்க்கிங் சொல்லித் தர்றேங்க.”

“ஆங். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். ஆனா ஒண்ணை ஒண்ணு பார்க்காது. பேசாது. அடுத்ததுல என்ன நடக்குதுன்னே தெரியாது.”

“இணைன்னாலே அப்படித்தான் போல” என்று மனைவி அவரையே பார்த்தாள்.

லென்ஸ்காரர் அதைத் தாண்டிப் போய்விட்டார். “ஒரு நாள் புது தும்பி பம்பரமா சுத்தறான். சுத்தின வேகத்துல உலகத்தைக் கிழிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் விழறான். அங்க பழைய தும்பி, நரைச்ச மீசையோட, ஈஸி சேர்ல உட்கார்ந்திருக்கான். அவங்க சந்திக்கறாங்க பாரு, அதுதான் கிராஸ் ஓவர்!”

“கிராஸ் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பார்த்தானா?”

“ஏம்மா!”

“கேட்டேன். அப்புறம்?”

“சந்திச்ச உடனே சண்டை. ஒருத்தனை ஒருத்தன் வில்லன்னு நினைச்சுக்கிட்டு பதினாலு பக்கம் அடிச்சுக்குவாங்க. அப்புறம் விஷயம் தெரிஞ்சு, சேர்ந்து நின்னு, நிஜ வில்லனை அடிப்பாங்க.”

“முதல்லயே வாயைத் தொறந்து பேசியிருந்தா பதினாலு பக்கம் மிச்சம்.”

“மக்களுக்குப் பிடிச்சுப் போச்சு. வருஷா வருஷம் ரெண்டு உலகத்துக் கோஷ்டியும் சந்திக்க ஆரம்பிச்சுது. ரெண்டு உலகம் மூணாச்சு. நல்லவனெல்லாம் கெட்டவனா இருக்கற உலகம் ஒண்ணு. ஹீரோவே இல்லாத உலகம் ஒண்ணு. எல்லாருக்கும் வயசாகிப் போன உலகம் ஒண்ணு. கடைசியில எத்தனை உலகம்னு கம்பெனிக்கே தெரியாமப் போச்சு. புதுசா வாசிக்க வர்றவன் தலையைப் பிச்சுக்கிட்டான். சரி, போதும்னு ஒரு பெரிய பேரழிவுக் கதை எழுதி, எல்லா உலகத்தையும் இடிச்சு ஒரே உலகமாக்கிட்டாங்க. அங்கதான் ஏழாவது அத்தியாயம். இடிச்சாங்களே தவிர, மிச்சமிருக்கற ஆளுங்களுக்கு இல்லாத உலகமெல்லாம் ஞாபகம் வருது. அது எப்படின்னு எனக்குப் பிடிபடல.”

மனைவி எழுந்தாள். “அத்தனை உலகத்தையும் காலி பண்ணி ஒண்ணாக்கிட்டாங்க. உங்களால ஒரு ரூமைக் காலி பண்ண முடியாதா?”

சரித்திர ஆசிரியர் ஏழாவது அத்தியாயத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

“இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை வேன் வரும்” என்று சொல்லிவிட்டு அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் அன்று கடைக்குப் போகும்போது கையெழுத்துப் பிரதியின் ஆறாவது அத்தியாயத்தையும் பையில் போட்டுக்கொண்டார். சாப்பாட்டு இடைவேளையில் புரட்டினார். அதில் நகலாசுரன் என்கிற வில்லன் வருவான். அவன் ஹீரோவைக் கடத்திவிட்டு, இன்னொரு உலகத்திலிருந்து அச்சு அசலாக அதே மாதிரி ஒருவனைக் கொண்டுவந்து அவன் வீட்டில் உட்கார வைத்துவிடுவான். பதினோரு இதழ் வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ‘அவன் மனைவியும் கண்டுபிடிக்கவில்லை’ என்று அவரே எழுதியிருந்தார். அந்த வரியின் கீழே இப்போது பென்சிலால் ஒரு கோடு போட்டார். சற்று யோசித்து இன்னொரு கோடும் போட்டார்.

பக்கத்து வீட்டில் தையல்காரர். முன்னறையில் இரண்டு தையல் இயந்திரம், ஒரு வெட்டு மேஜை. அதற்கு மேலே அகலமான பரண். மாலையில் லென்ஸ்காரர் போய் அந்தப் பரணை ஏற இறங்கப் பார்த்தார்.

“மாஸ்டர், பரண்ல இடம் இருக்கா?”

“எவ்வளவு அண்ணே?”

“முப்பத்துநாலு பெட்டி.”

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “பொணம் எதுவும் இல்லையே?”

“புத்தகம்.”

“அதுக்குப் பொணமே தேவலாம். பொணம்னா வீட்டுக்காரிகிட்ட ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்.”

“அவங்க பரண் ஏறுவாங்களா?”

“முட்டி வலிக்காரி எங்க ஏறப் போறா? தவிரவும் வீட்டுல எங்க இருக்கா? ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் காலையில ஏழு மணி டியூட்டி. இப்ப ஒரு மாசமா ஆறுக்கே கிளம்பிடறா. வேலை ஜாஸ்தியாம்.”

“நல்லதாப் போச்சு” என்றார் லென்ஸ்காரர். பின்னால் அவர் அடிக்கடி நினைத்துப் பார்த்த வார்த்தை அது.

காரியம் கச்சிதமாக நடந்தது. புத்தகங்கள் இருந்தது, கடையில் லென்ஸ் வந்து இறங்குகிற அட்டைப்பெட்டிகளில்தான். அதே மாதிரி இன்னொரு முப்பத்துநாலைச் சேர்த்தார். லென்ஸ் கம்பெனிகள் அனுப்புகிற விலைப்பட்டியல் புத்தகங்கள், மாஸ்டரிடம் மிஞ்சிய அளவு வெட்டின பழுப்புக் காகிதம், இரண்டையும் போட்டு நிரப்பினார். எடை மெஷினில் அசல் பெட்டியை வைத்துப் பார்த்து, நகலிலும் அதே எடை வருகிற வரை காகிதம் திணித்தார். மேலே எண் எழுதினார். கையெழுத்து அப்படியே ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் என்ன, இரண்டும் அவர் கையெழுத்துதானே.

மனைவி காலையில் பாடம் எடுக்கப் போன பிறகு தினம் நாலு பெட்டி மாஸ்டர் வீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து நாலு பெட்டி இங்கே வந்தது. ஒன்பது நாளில் ஓர் உலகம் இடம்பெயர்ந்தது. நடு அறையில் ஒரு தூசிகூட இடம் மாறவில்லை. தூசியையும் அவர் ஒரு தூரிகையால் எடுத்துப் புதுப் பெட்டிகளின் மேல் பரப்பியிருந்தார். நகலாசுரன்கூட இவ்வளவு மெனக்கெடவில்லை.

இருபத்தெட்டாம் தேதி வேன் வந்தது.

லென்ஸ்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். கடையிலிருந்து கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தைக் கொண்டுவந்து, கதவுக்குப் பின்னால் நின்று, கண்ணுக்கு மூன்று சொட்டு வீதம் விட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“போகட்டும்” என்றார். “உன் கிளாஸ்தான் முக்கியம்.”

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “மனசார சொல்றீங்களா?”

“ஒன்பது வருஷ உழைப்பு. இருக்கட்டும். மனுஷன்னா விட்டுக்கொடுக்கணும்.”

“கடைசியா ஒரு தடவை தொறந்து பாத்துக்கங்களேன்.”

“வேண்டாம்!” என்று அவர் போட்ட சத்தத்தில் பெட்டி தூக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “வேண்டாம்மா. பார்த்தா மனசு மாறிடும்.”

“ஒண்ணே ஒண்ணு.”

“ஒண்ணைப் பார்த்தா மத்ததெல்லாம் கோவிச்சுக்கும்.”

“அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது.”

“நானா? உன்மேலயா?”

வேனோடு வந்தவர் ஒரு காகிதத்தை நீட்டினார். மனைவி பேனாவை நீட்டினாள். “படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க.”

“மனசு வந்து கொடுக்கும்போது படிப்பானேன்?” என்று லென்ஸ்காரர் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். சொட்டு மருந்தில் எதுவும் தெரியவும் இல்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாக ஏறின. கடைசிப் பெட்டியை அவரே இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினார். வேன் திருப்பத்தில் மறைகிற வரை வாசலிலேயே நின்றார். மனைவி வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

“எனக்காக இவ்வளவு செய்வீங்கன்னு நினைக்கல.”

அந்த நிமிடம் அவருக்கு உள்ளுக்குள் லேசாகக் குத்தியது. பரவாயில்லை என்று தள்ளிவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாஸ்டர் வீட்டுப் பரணில் ஏறி, முதல் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே லென்ஸ் விலைப்பட்டியல் இருந்தது.

ஒரு நகல் பெட்டி தவறிப்போய் இங்கேயே தங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து இரண்டாவதைத் திறந்தார். பழுப்புக் காகிதம். மூன்றாவது, நாலாவது, பதினேழாவது. முப்பத்துநாலாவதைத் திறக்கும்போது அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. அதிலும் அதுவே இருந்தது.

கீழேயிருந்து தையல்காரர் கேட்டார். “என்ன அண்ணே, ஆள் அரவமே காணோம்? கதையில மூழ்கிட்டீங்களா?”

“மாஸ்டர், இந்தப் பரணுக்கு வேற யாராவது ஏறினாங்களா?”

“யாரும் இல்லையே. நான் இங்கயேதான் இருக்கேன். வியாழக்கிழமை மட்டும் துணி எடுக்கப் போனேன்.”

லென்ஸ்காரர் பரணிலேயே உட்கார்ந்துவிட்டார். இரும்புத் தும்பி போய்விட்டான். பழையவனும் போய்விட்டான், புதியவனும் போய்விட்டான். பன்னிரண்டு வயதில், புதிதாகச் சேர்ந்த பள்ளியில் பேச ஆளில்லாமல் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்த காலத்தில் கையில் கிடைத்த இதழ் அது. இரண்டு தும்பிகளும் கை குலுக்குகிற பக்கத்தை அவர் அன்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயோ இன்னொரு உலகத்தில் நம்மைப் போலவே ஒருவன் இருப்பான், ஒரு நாள் சுவரைக் கிழித்துக்கொண்டு வருவான் என்று ஒரு நம்பிக்கை. அதைத் தேடித்தான் முப்பத்துநாலு பெட்டி சேர்ந்தது. அதை நேற்று இரண்டு தட்டுத் தட்டி அவரே வேனில் ஏற்றினார்.

அவர் கண்ணில் இப்போது வந்தது சொட்டு மருந்து அல்ல.

சாயங்காலத்துக்குள் மாஸ்டர் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“அண்ணே, எங்க வீட்டுக்காரி ஒரு மாசமா ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போகல. கார் ஓட்டக் கத்துக்கறா. உங்க வீட்டம்மாகிட்ட.”

“உங்ககிட்ட சொல்லலையா?”

“லைசென்ஸ் வாங்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தாளாம். பரண்ல நாளுக்கு நாலு பெட்டி முளைக்குதேன்னு வண்டி ஓட்டும்போது அக்காகிட்ட சொல்லியிருக்கா. அவ்வளவுதான். வியாழக்கிழமை நான் அந்தப் பக்கம் போனதும் பதினோரு மாணவர்களும் வந்து வரிசையா நின்னு, கைமாத்திக் கைமாத்தி, இங்க இருந்ததை அங்கயும் அங்க இருந்ததை இங்கயும் வச்சுட்டாங்க. எங்க வீட்டுக்காரி முட்டி வலியோட கீழ நின்னு எண்ணினாளாம்.”

“பதினோரு பேரா!”

“அன்னிக்குப் பாடம் ரிவர்ஸாம் அண்ணே.”

இதற்குப் பிறகுதான் லென்ஸ்காரருக்குத் தன் நிலைமை முழுசாக விளங்கியது. பெட்டி போயிற்றே என்று மனைவியிடம் சண்டை பிடிக்கலாம் என்றால், போனது அசல் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். தெரியாத மாதிரி இருக்கலாம் என்றால், துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஊரறிய, வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணீர் விட்டு, கையெழுத்தும் போட்டுத் தானம் செய்தாயிற்று. கேட்டுப் பார்க்கத்தான் முடியும். அதையும் சுற்றி வளைத்துத்தான் கேட்க முடியும்.

“ஏம்மா, அந்த வேன் எங்க போச்சு?”

மனைவி நடு அறையில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். “எந்த வேன்?”

“சனிக்கிழமை வந்துதே.”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“சும்மா கேட்டா சும்மா இருங்க. அதை நினைச்சா உங்களுக்கு மனசு மாறிடும்.”

“கொஞ்சம் மாறினா என்ன?”

“மூணு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

அந்த வாரம் கடையில் ஒரு பெரியவருக்கு இடது கண் லென்ஸை வலது கண்ணில் மாட்டிக் கொடுத்துவிட்டார். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, உலகம் இரண்டாகத் தெரிகிறது என்று புகார் செய்தார். கொடுத்து வைத்தவர் என்று லென்ஸ்காரர் நினைத்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடு பாதியோடு நின்றது. ஏழாவது அத்தியாயத்தின் பக்கமே போகவில்லை. மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வெள்ளிக்கிழமை காலை, சாவியை எடுக்கும்போது சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நூலகத்துல ஒரு பேச்சு இருக்கு. வந்துடுங்க.”

“நான் இருக்கற இருப்புல பேச்சு ஒண்ணுதான் குறைச்சல்.”

“உங்க சப்ஜெக்ட்தாங்க. இணை உலகச் சந்திப்பு. நான் முன்னாடியே போயிடுவேன், அங்க கொஞ்சம் வேலையிருக்கு.”

அவள் போய் வெகுநேரம் வரை லென்ஸ்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். புரிந்துவிட்டது. பிராயச்சித்தம்! செய்த காரியம் உறுத்தி, நூலகத்தில் போய்ச் சொல்லி, அவருக்கு ஒரு மேடை ஏற்பாடு செய்திருக்கிறாள். இந்தச் சப்ஜெக்டில் பேச ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். முன்னுரை மட்டுமே நாற்பது நிமிடம் வந்தது. முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கத்தையும் பையில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு நூலகத்தில் நுழைந்தார்.

நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வலது பக்கச் சுவர் முழுக்கப் புது அலமாரி. அதில் அவருடைய படக்கதைகள். ஒன்று விடாமல், ஒவ்வொன்றும் கண்ணாடித்தாள் உறையில், நேராக நின்றன. ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு சீட்டு. ‘முதல் உலகம்’, ‘இரண்டாம் உலகம்’, ‘நல்லவர் கெட்டவராகும் உலகம்’, ‘பேரழிவு’, ‘பேரழிவுக்குப் பின்’. பெட்டிக்குள் அவர் இத்தனை வருடம் அடுக்கியதைவிட ஒழுங்கான அடுக்கு. நாலைந்து பேர் நின்று புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் தரையில் உட்கார்ந்து, இரண்டு தும்பிகளும் கை குலுக்குகிற இதழைத் திறந்து வைத்திருந்தாள்.

லென்ஸ்காரர் அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பெயரே தெரியாத ஒரு சந்தோஷம் கால் வழியாக ஏறியது. தான் போட்ட மூன்று கையெழுத்து எந்தக் காகிதத்தில் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

“வாங்க சார்” என்றார் நூலகர் அம்மா. “கூட்டத்துக்குத்தானே?”

“ஆமா” என்று அவர் பையிலிருந்து பிரதியை எடுத்து, தொண்டையைச் செருமி, மேஜை போட்டிருந்த பக்கம் நடந்தார்.

“அங்க இல்ல சார், இங்க உட்காருங்க. பேச்சாளர் வந்துட்டாங்க.”

பேச்சாளர் மேஜைக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பேச்சாளரின் கணவர் மூன்றாவது வரிசையில், தையல்காரருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில், மடியில் மூன்று கிலோ காகிதத்தோடு உட்கார்ந்தார்.

அவள் கையில் குறிப்பு எதுவும் இல்லை. லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கிற மைதானத்தில் மாணவர் முறை வருகிற வரை மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும் என்றும், அதற்குத் தினம் ஒரு இதழ் பையில் வைத்துக்கொள்வாள் என்றும், வீட்டில் அதற்குப் பஞ்சம் இல்லை என்றும் சொல்லித்தான் ஆரம்பித்தாள். ஒன்பது வருடத்தில் முப்பத்துநாலு பெட்டியும் முடிந்ததாம். சிலது இரண்டு தடவை. பெட்டிகளைத் தினம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, தினம் ஒன்று வெளியே போய் வந்தது தெரியவே இல்லை.

“எதுக்காக ரெண்டாவது உலகம் ஒண்ணு உண்டாச்சு?” என்று கேட்டாள் அவள். “பெரிசா விஞ்ஞானம் எதுவும் இல்ல. பழைய ஹீரோவைத் தூக்கிப் போட மனசு வரல. புதுசுக்கு இடமும் வேணும். ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கும் இடம் பத்தல. அதனால பழசுக்குன்னு தனியா ஒரு உலகம் கொடுத்தாங்க. அங்க அவர் கௌரவமா இருக்கட்டும், நினைச்சப்ப போய்ப் பார்த்துட்டு வரலாம்னு. அப்புறம் உலகத்தையெல்லாம் இடிச்சப்பவும் வாசகன் மறக்கல. வாசகன் மறக்காததைக் கதையில வர்றவன் எப்படி மறப்பான்? அதனாலதான் அவனுக்கு ஞாபகம் வருது.”

லென்ஸ்காரரின் கை தானாகப் பேனாவை எடுத்தது. ஏழாவது அத்தியாயம் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. பிரதியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

ஆனால் முதல் சந்திப்பு எல்லாரும் நினைப்பதற்கு முன்பே நடந்துவிட்டது என்று அடுத்து அவள் சொன்னதை அவரால் பொறுக்க முடியவில்லை. எழுந்தே விட்டார்.

“ஒரு சின்னத் திருத்தம். முதல் சந்திப்பு, ரெண்டு தும்பியும் கை குலுக்கற இதழ்லதான். அதுக்கு முன்னாடி கிடையாது. இது என் முதல் அத்தியாயத்துல ஆதாரத்தோட இருக்கு.”

“இருக்கு, படிச்சேங்க” என்றாள் மனைவி அமைதியாக. “அதுக்கு ஒன்பது மாசம் முன்னாடி ஒரு வெள்ளக் கதை வந்துது. எட்டாம் பக்கம், கடைசிக் கட்டம். புது தும்பி ஜனங்களைக் காப்பாத்தறான். கூட்டத்துல பின்னால தொப்பி போட்ட ஒரு மீசைக்காரர் நிக்கறார். யாரும் அவர்கிட்ட பேசல. அவர்தான் பழைய தும்பி. அவர்தான் முதல்ல இந்தப் பக்கம் வந்தவர். வந்தவரை யாரும் கவனிக்கல.”

நூலகர் அம்மா அலமாரியிலிருந்து அந்த இதழை எடுத்து நீட்டினார். லென்ஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இருபது தடவை படித்த இதழ். எட்டாம் பக்கம். கடைசிக் கட்டம். கடுகளவு தொப்பி. அதற்குக் கீழே மீசை.

முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கமும் முதல் பக்கத்திலிருந்து தப்பு. அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவியைப் பார்த்தார். இருபது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறவள்தான். யாரோ சுவரைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கிறாற்போல இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவர்தான் கடைசியாக நிறுத்தினார்.

கூட்டம் கலைந்ததும் அந்த இதழைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று வாசலைப் பார்த்து நடந்தார். நூலகர் அம்மா மறித்தார்.

“உறுப்பினர் அட்டை இருக்கா சார்?”

“இது என்னோடதுதாங்க.”

“நூலகத்தோடதுங்க. தடவைக்கு ரெண்டு இதழ், பதினாலு நாள். அட்டை இல்லேன்னா இந்தப் படிவத்தைப் பூர்த்தி பண்ணுங்க. பழைய உறுப்பினர் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போடணும்.”

பழைய உறுப்பினர் பக்கத்திலேயே நின்றாள். படிவத்தை வாங்கி, மேஜையில் வைத்து, முழுதும் படித்துப் பார்த்தாள். பெயர், தொழில், விலாசம் எல்லாம் அவளே எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அடியில் ‘ஜாமீன்தாரர் குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே மட்டும் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுதி, படிவத்தை லென்ஸ்காரரிடம் கொடுக்காமல் நேராக நூலகர் அம்மாவிடம் நீட்டினாள். அவர் அதைச் சத்தமாகவே படித்தார்.

“‘நல்ல மனிதர், நம்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொண்டுவரும்போது மட்டும் உறையைத் திறந்து பார்த்து வாங்கவும்.’”